படுத்த கோடும் நின்ற கோடும்

2026 மே 12, செவ்வாய்க்கிழமை. புனே கோர்படியை ஒட்டிய ஒரு டயாலிசிஸ் மையத்தில், நோயாளிகளின் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி வந்து இறங்கியது.

அன்றிலிருந்து, அங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளும் சவரிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடுதலாகக் குடித்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் எடை மெஷினை ஏமாற்றுவது அவருக்குக் கைவந்த கலை. செருப்பு, பெல்ட், பல்செட் மூன்றையும் கழற்றிவிட்டு ஏறினால் அரை கிலோ குறையும். நெஞ்சுக்குள்ளேயே எட்டிப் பார்க்கிற கருவிக்கு எதைக் கழற்றுவது?

திங்கட்கிழமை கோயம்புத்தூரில் மகள் மேரிக்குக் கல்யாணம். அவளைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப்போக வேண்டியவர் அவர். டாக்டர் ரோஹிணி கறாராகச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக இருந்தால்தான் ரயில் பயணத்துக்கும், கோயம்புத்தூரில் டயாலிசிஸுக்கும் கடிதம்.

"ஸ்கிரீன்ல வெள்ளைக் கோடு வந்துச்சுன்னா தண்ணி. அவ்வளவுதான், மாட்டினீங்க" என்றார் பக்கத்துப் படுக்கை ரவிசந்திரன்.

மனைவி ஸ்டெல்லா சொன்ன கணக்கு, ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். தினமும் காலையில் பாட்டிலில் நெயில்பாலிஷால் போட்ட சிவப்புக் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். அவள் கோயிலுக்குப் போன பிறகு, எதிர்வீட்டு மல்லிகாவிடம் ஒரு டம்ளர் மோர். தெருமுனை ரசவந்திக் கடையில் அரை கிளாஸ் கரும்புச்சாறு. இத்தனை மாதமாக ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு.

புதன்கிழமை திருட்டை அடியோடு நிறுத்தினார். மத்தியானத்துக்குள் நாக்கு சருகாகிவிட்டது. எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை ஊறுகாயை நக்கினார். உப்பு தொண்டையைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மல்லிகா வீட்டில் விட்டதையெல்லாம் சேர்த்துக் குடித்தார்.

வியாழக்கிழமை இன்னொரு யோசனை பிறந்தது. குடித்ததை வியர்வையாக வெளியேற்றிவிட்டால்? ஸ்டெல்லாவை ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு மையத்துக்கு வேகவேகமாக நடந்தார்.

வந்து சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. டெக்னீஷியன் ஷ்ரேயஸ் அதைப் பார்த்ததும் நெஞ்சு முழுக்க நீர் என்றே முடிவு கட்டிவிட்டான். சக்கர நாற்காலி வந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் ஏறியது. ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

ரோஹிணி ஜெல்லைத் தடவி, கருவியை விலாவில் வைத்தார். திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

சவரிமுத்து மாஸ்க்கைப் பிடுங்கினார்.

"டாக்டரம்மா, நானே சொல்லிடறேன். மல்லிகா வீட்டு மோர். டெய்லி ஒரு டம்ளர். ரசவந்தியில அரை கிளாஸ். நேத்து ஊறுகாய் வேற. ஸ்டெல்லா, மன்னிச்சிரு. எம் பொண்ணு கல்யாணம் போச்சு."

ரோஹிணி நெஞ்சில் எட்டு இடங்களில் வைத்துப் பார்த்து முடித்தார். பிறகு சிரித்துவிட்டார். கோடு நின்றால்தான் தண்ணீர், படுத்திருந்தால் வெறும் காற்று என்று விளக்கினார். அவருடையவை எல்லாமே படுத்த கோடுகள். வெயிலில் ஸ்வெட்டரோடு ஓடினால் யாருக்கும்தான் இரைக்கும்.

கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது டாக்டருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"நான் குடிக்கச் சொன்னது ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி. அதுக்கு மேல மோர், கரும்புச்சாறுன்னு இவ்வளவு குடிச்சும் எப்படி சுத்தமா இருக்கு?"

"எண்ணூறா?" என்றார் சவரிமுத்து. "பாட்டில்ல அரை லிட்டர்தானே இருக்கும்?"

ஸ்டெல்லா ஜெபமாலையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"மீதி முந்நூறு உங்க திருட்டுக்குன்னு மொத நாளே ஒதுக்கிட்டேங்க. மல்லிகா வீட்டு டம்ளர்கூட நான் அளந்து வாங்கிக் குடுத்ததுதான்."