சமையலறைக் கதவுக் கணக்கு

"மேல் வரியில இருந்து x-ஐத் தனியா எடு. எடுத்ததைக் கீழ் வரியில போடு. பாலை இறக்கி வச்சிட்டு வந்துடறேன்."

மகளிடம் இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போன குழாய்க்காரரின் மனைவி திரும்பி வரவில்லை. பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவள் உயிரில்லாமல் விழுந்து கிடந்தது தெரிந்தது.

சமையலறைக் கதவுதான் அவளுக்குக் கரும்பலகை. கடைசியாகச் சுண்ணக்கட்டியால் எழுதியது அதில் அப்படியே இருந்தது.

x + 2y = 10
3x + 6y = 30

அதற்குப் பிறகு குழாய்க்காரர் வீட்டில் உட்காரவே இல்லை. எங்கே சொட்டினாலும் ஓடினார். சொட்டாத வீட்டிலும் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு வந்தார். மகளோ கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. நாளைக்குப் பரீட்சை.

"படிம்மா."

"அந்தக் கணக்கு முடியட்டும். அப்புறம்தான் மத்தது."

"அவ்வளவுதானே!"

பையை இறக்கி வைத்தார். கழற்றி மாட்டுவதற்கு அவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? மேல் வரியிலிருந்து x-ஐக் கழற்றினார்: 10 − 2y. கீழே x இருந்த இடத்தில் மாட்டினார்: 30 − 6y + 6y = 30. இரண்டு y-யும் அடிபட்டுப் போயின. மிஞ்சியது, 30 = 30.

"y எங்கப்பா?"

"இங்கதான் இருந்துது. எங்கயோ லீக்கு."

y-ஐக் கழற்றி மாட்டினார். இந்தத் தடவை x ஒழுகிப் போனது. மறுபடியும் 30 = 30.

வேர்த்து வழிய, மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

"இதுக்கா கூப்டீங்க அத்தான்? x பத்து, y பூஜ்யம். போட்டுப் பாருங்க."

பொருந்தியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மாடி வீட்டு நர்ஸ், "x நாலு, y மூணுன்னாலும் சரியா வருதே!" என்றாள். அதுவும் பொருந்தியது.

"அவங்களுக்கு என்ன கணக்கு தெரியும்?" என்றது போன்.

"ஏன், ஊசி போடறவளுக்கு நாலும் மூணும் தெரியாதா?"

அதுவரை விடையே இல்லை. இப்போது இரண்டு விடை, ஒரு சண்டை. இருவரும் கோபித்துக்கொண்டு போன பிறகு, x இரண்டு, y நாலு என்று குழாய்க்காரரே பயந்து பயந்து போட்டுப் பார்த்தார். பாழாய்ப் போனது, அதுவும் பொருந்தியது.

கதவுக்கு எதிரே, மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே வரிதான். மேல இருக்கறதையே மூணு மடங்காக்கி அவசரத்துல எழுதிட்டா உங்கம்மா. இது எந்தக் காலத்துல தீரும்?"

"தெரியும்ப்பா. அம்மா எழுதினப்பவே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

மகள் அவர் தோளில் சாய்ந்தாள்.

"சொல்லிட்டா எழுந்து போயிடுவாளேன்னு அம்மாகிட்ட சொல்லல. உங்ககிட்டயும் அதான்."

கதவில் முப்பது, முப்பதுக்குச் சமமாகவே இருந்தது.