ஆற்றின் பிள்ளை டெஸ் ஹானிகனின் நான்காவது 'இறுதி'க் கச்சேரி

ஆஸ்திரேலியாவின் உட்புறத்திலிருந்து உலக நாகரிகத்துக்கு எங்கள் குராபின் ஊர் அளித்த கொடைகளில் தலையாயது ஒன்று உண்டு. மேடையில் பாடகன், "அடுத்தது ஒரு புதுப் பாட்டு" என்றவுடன் சபை முழுவதும் ஒரே ஆளாக எழுந்து பீர் வாங்கப் போகும் பண்பாடு அது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, இரத்தத்தில் ஊறியது.

இந்தப் பண்பாட்டால் பெரிதும் 'வளர்ந்தவர்' டெஸ் ஹானிகன். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கிடாரும் மவுத்ஆர்கனுமாக, ஆட்டுக் கொட்டகையிலிருந்து நகரத்து அரங்கம் வரை பாடிய மனிதர். நூற்றுக்கணக்கில் எழுதினார். உலகம் ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, மீதியைப் பெருந்தன்மையோடு அவரிடமே விட்டுவிட்டது. அது எங்கள் ஆற்றைப் பற்றிய பாட்டு. "ஆத்தோட பிள்ளை யாரு?" என்று அவர் கேட்பார். "நான்தான்! நான்தான்!" என்று கூட்டம் மார்பில் தட்டி அலறும். கல்யாணமோ சாவோ, அது இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது.

இதற்கிடையில் ஆறு வற்றியது. நகரசபைத் தலைவர் நெவில் ட்ராஸ்க் மேற்கே தம் பருத்திக் காட்டில் கடல்போல் ஒரு குளம் வெட்டி 'நீர் மேலாண்மை' செய்துவந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. ஆகவே ஆறு ஓய்வெடுக்கிறது என்று அனைவரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டோம்.

டெஸ்ஸுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. செத்த மீன் நாறும் படுகையில் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒருமுறை சொந்த ஊர் அதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த நான்காவது விடைபெறல் கச்சேரி.

கச்சேரிக்குமுன் நெவில், அது நடக்கவிருந்த ஊர்க் கிளப்பின் பின்னறைக்கே வந்துவிட்டார்.

"டெஸ்ஸு, புதுசு ஒண்ணு வச்சிருக்கியாமே?"

"ஆமா. ஆத்தப் பத்தி."

"பிரமாதம்! கரெக்டா அந்த நேரத்துல, சீட்டு விழுந்தவனுக்கு ஒரு தட்டு இறைச்சி பரிசுன்னு குலுக்கல் வச்சிடறேன். உனக்கும் தொந்தரவில்ல, சனத்துக்கும் தொந்தரவில்ல."

"ஒரே ஒருவாட்டி உக்காந்து கேளேன்யா."

"உன் பாட்ட காதால கேக்கணுமா மாப்ளே? நெஞ்சுக்குள்ள இருக்கு!"

அவர் போனதும், டெஸ்ஸோடு பாதி வாழ்க்கையை வேனில் கழித்த பேஸ் கிடார்க்காரி ஷெர்ல் சொன்னாள்: "புதுசுன்னு சொன்னாத்தானே எந்திரிப்பானுங்க? பேசாம புது வரியப் பழைய மெட்டுல ஏத்தி விடு."

ஏற்றிவிட்டார். பழைய மெட்டு எழுந்தது. பீர் வாங்க ஒருவரும் நகரவில்லை.

"மீனையெல்லாம் கொன்னது யாரு?"

"நான்தான்! நான்தான்!"

"ஆத்த மொத்தமாக் குடிச்சது யாரு?"

"நான்தான்! நான்தான்!"

"பார்த்துக்கிட்டே சும்மா இருந்தது யாரு?"

கூரை அதிர்ந்தது. நெவில் நாற்காலிமேல் ஏறி, பீர் தளும்ப, எல்லோரையும்விட உரக்க மார்பில் தட்டினார். டெஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எவராவது ஒருவர் பாதியில் வாயை மூட மாட்டாரா என்று ஏங்கினார். ஷெர்ல் தலை குனிந்துகொண்டாள்.

முடிந்ததும் நெவில் மேடையேறிக் கட்டிப்பிடித்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"இத்தன வருஷமாக் கேக்கறேன் டெஸ்ஸு. ஒரு எழுத்து மாறல மாப்ளே!"

எங்கள் ஊரின் நேர்மையைச் சந்தேகிப்போர் அன்று வந்திருக்க வேண்டும். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. ஊரே எழுந்து நின்று, மெட்டு பிசகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டுவிட்டு, இறைச்சித் தட்டு யாருக்கு விழுந்தது என்று பார்க்கப் போனோம்.