எலுமிச்சம்பழம் வாங்கப் போன நேரத்தில்

கவலைப்படுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்னோடு வேலை பார்க்காதவர்கள்.

என் பெயர் சாந்தி. (பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து வைத்திருக்கலாம்.) பஸ் ஏறி உட்கார்ந்ததும் வீட்டைப் பூட்டினேனா என்று கவலை வரும். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறினால், பூட்டை இழுத்துப் பார்த்தபோது நானே திறந்துவிட்டேனோ என்று அடுத்த கவலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதும் இதனால்தான். பரீட்சை என்றாலே எனக்குக் காய்ச்சல். முழுப் பரீட்சைக்கு வந்த காய்ச்சல் லீவு முடிந்தும் இறங்காததால், "படிச்சது போதும், உசுரோட இரு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிக்கு வெளியே, ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலைக்கு இருந்தேன். முதலில் பழம் வெட்டும் கொட்டகை. மாம்பால் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அங்கிருந்து என்னை எடுத்து, கேட் பக்கத்து அறையில் ஃபேனுக்குக் கீழே போன் நாற்காலியில் உட்கார வைத்தவர் முதலாளி. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கக் காரணம் என் கவலைதான் என்றால் நம்புவீர்களா? பெங்களூருக்கு சாம்பிள் டின்களை பஸ்ஸில்தான் அனுப்புவோம். டிரைவரிடம் கெஞ்சி அவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பஸ் நம்பரை அந்தப் பக்கத்து ஆளுக்கு போனில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னதோடு மறந்துவிடுவார்கள். நான் "கைக்கு வந்துடுச்சு" என்று காதால் கேட்கும்வரை சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க மாட்டேன். "இந்தப் பொண்ணு அனுப்புனா ஒரு டின்னும் தொலையாது" என்றார் பாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அது.

அந்த வருஷ சீசனுக்குத்தான் பாய் கம்ப்யூட்டர் வாங்கினார். மஸ்கட்டில் ஒரு வியாபாரி பெரிய ஆர்டர் கொடுப்பதாக இருந்தார். டின்மேல் ஒட்டப்போகும் லேபிளின் படத்தை அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதையும் வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. தவறினால் ஆர்டர் சித்தூர் கம்பெனிக்காரருக்கு. எங்கள் யார்டிலோ குவிந்திருந்த பெங்களூரா மாம்பழத்தின் வாசனை ஏற்கெனவே மாற ஆரம்பித்திருந்தது.

"இது தவறுச்சுன்னா கொட்டகையில பாதிப் பேருக்கு வேலை இல்ல சாந்தி. போனுக்குன்னு தனியா ஆள் வெக்கவும் முடியாது" என்றார் பாய். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதே விரலிடுக்கு எரிந்தது.

வியாழக்கிழமை காலை, கம்ப்யூட்டர் விற்ற மஞ்சு ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கம்ப்யூட்டரோடு மட்டும் இங்கிலீஷ். மாடியில் பாயின் அறையில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கினான். கடிதத்தோடு படத்தைக் கோத்துவிட்டால், அது டெலிபோன் ஒயர் வழியாகவே மஸ்கட் போய்விடுமாம். "இது ஓடுறப்ப யாரும் போன் பண்ணக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னான். மாடியில் ஒரு போன், கீழே என் மேஜையில் ஒரு போன், இரண்டுக்கும் லைன் ஒன்றுதான். நான் தலையாட்டிவிட்டு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. படம் போகிறதா? சூளகிரி தாண்டியிருக்குமா? (ஒயர் ஓசூர் ரோட்டோரமாகத்தான் போகிறது.) இதற்கு டிரைவரும் இல்லை, பஸ் நம்பரும் இல்லை. யாரைக் கேட்பது? மஞ்சு போன் பண்ணக்கூடாது என்றுதானே சொன்னான். எடுத்துக் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே. மெதுவாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

அப்பப்பா! எவர்சில்வர் தட்டை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே கழுத்தைப் பிடித்த கோழி. இவ்வளவு சத்தம் போடுகிறது என்றால் கட்டாயம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. திருப்தியோடு, தூங்கும் குழந்தையின் மேல் போர்வை போடுவதுபோல ரிசீவரை வைத்தேன்.

மாடியிலிருந்து மஞ்சுவின் குரல் வந்தது. லைன் கட்டாகிவிட்டதாம்.

மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் தடவையே கட்டானதால் இப்போது என் கவலை இரட்டிப்பு. கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்துக் கேட்டேன். சத்தம் இருந்தது, வைத்தேன். மறுபடி கட்டாம். கட்டாகக் கட்டாக எனக்குக் கவலை ஏறியது, கவலை ஏற ஏற எடுத்துக் கேட்பதும் கூடியது. அன்று மதியத்துக்குள் அந்த ரிசீவர் என் காது சூட்டிலேயே வெந்திருக்கும்.

மாடியில் மஞ்சு தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். ஒயரை மாற்றினான், மோடத்தை அணைத்துப் போட்டான், ஃபைலின் பெயரை மாற்றினான், ஜிப் பண்ணினான். கடைசியில், படம் கனமாக இருக்கிறது, அதுதான் இழுக்க முடியாமல் நிற்கிறது என்றான்.

அந்த லேபிளை பாய் ஆசை ஆசையாக வரையச் சொல்லியிருந்தார். கிளை நிறைய மாம்பழம், இலைமேல் பனித்துளி, பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் ஜூஸ், ஜூஸைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குழந்தை. முதலில் பனித்துளியை எடுத்தார்கள். போகவில்லை. கிளையை எடுத்தார்கள். போகவில்லை. டம்ளரை எடுத்தார்கள். டம்ளர் போனதும் குழந்தை எதற்குச் சிரிக்கிறது என்றே தெரியவில்லை, ஆகவே குழந்தையையும் எடுத்தார்கள். அப்போது பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

இந்தக் கட்டத்தில்தான் பாய்லர் ஆபரேட்டர் கோவிந்தண்ணன் மாடியேறி வந்து, இது திருஷ்டி என்று தீர்ப்புச் சொன்னார். "மார்க்கெட்டுக்குப் போற லாரிக்கே எலுமிச்சம்பழம் கட்டறோம். இது கடல் தாண்டிப் போவுது, ஒண்ணும் கட்டாம உட்டுட்டீங்களே பாய்."

பாய்க்கு அந்த நேரத்தில் எதுவும் சம்மதம். "கட்டுங்க. நான் என் பங்குக்கு துஆ கேக்குறேன். மஞ்சு, நீ உன் பங்குக்கு இன்னொரு மாம்பழத்தை எடு" என்றார்.

எலுமிச்சம்பழம் வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். பார்சல் விஷயத்தில் எனக்குக் கைராசி என்று பெயராயிற்றே. ஹைவேயைத் தாண்டி, ரோடுகள் சேரும் கூட்ரோட்டுக் கடையில் பழம் பழமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இருந்தாலும் மஸ்கட் போகாது என்று கவலை. நல்ல பழமாக எடுத்துத் திரும்பி வந்தால், மாடியில் சிரிப்புச் சத்தம். படம் போய்விட்டது! ஆர்டர்காரரே போனில் கூப்பிட்டு, லேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். கட்டுவதற்கு முன்பே வேலை செய்த பழம் என்று கோவிந்தண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் தன் துஆதான் காரணம் என்றார். மஞ்சு தான் எடுத்த மாம்பழத்தைச் சொன்னான். லேபிளில் இப்போது ஒரே ஒரு மாம்பழம், பாவம், எலுமிச்சம்பழ அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

ஆனால் மஸ்கட்காரர் இன்னொன்றும் கேட்டிருந்தார். லேபிளின் பின்பக்கம். அதுவும் சாயந்திரத்துக்குள் வந்தால்தான் ஆர்டர்.

"சாந்தி, நீ ராசிக்காரி. போய் உன் எடத்துல உக்காரும்மா" என்றார் பாய். உட்கார்ந்தேன். எடுத்துக் கேட்டேன். கட். மறுபடி கேட்டேன். மறுபடி கட். மோடத்தின்மேல் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கட். அந்தப் பழத்தின் சக்தி ஒரு பக்கத்துக்குத்தான் போலிருக்கிறது, இன்னொன்று வாங்கி வா என்று கோவிந்தண்ணன் விரட்டினார்.

பாதி தூரம் நடந்த பிறகு, நான் இல்லாத நேரத்தில் அங்கே என்ன ஆகிறதோ என்ற கவலை பிடித்துக்கொண்டது. கடையில் கைக்குக் கிடைத்த பழத்தை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடிக்காத குறையாக ஓடி வந்து, நின்றவாக்கில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கீச், கர்ர்ர். அப்பாடா.

மாடியில் பாய் "கட்டாயிடுச்சு மஞ்சு" என்றார். மஞ்சு மாடியில் இல்லை. ஒயர் எங்கே விட்டுப்போகிறது என்று சுவரோரமாகத் தடவிக்கொண்டே வந்தவன், என் அறை வாசலில் நின்றிருந்தான்.

"அக்கா, கையில என்ன?"

"எலுமிச்சம்பழம்."

"அந்தக் கையில."

"போனு."

மஞ்சு என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தான். "காலையிலேர்ந்தே எடுத்தீங்களா?"

"போன் பண்ணவே இல்ல மஞ்சு, சத்தியமா. சும்மா, போய்க்கினு இருக்குதான்னு கேட்டேன்."

அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னான். அது முழுசாகப் புரியாதது என் அதிர்ஷ்டம். பிறகு தமிழில், நான் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் பாதி வழியில் போகிற படத்தின் கழுத்தை நானேதான் நெரித்தேன் என்பதை விளக்கினான்.

பாய் இறங்கி வந்தார். கோவிந்தண்ணனும் வந்தார். (பாய்லரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போதும் ஒரு கவலை.) நான் கொட்டகைக்குப் போகத் தயாராகக் கத்தியை நினைத்துக்கொண்டு நின்றேன். பாய் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாந்தி, போயி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாம்மா."

"கையில ஒண்ணு இருக்குதுங்க பாய்."

"தெரியுது. இன்னொண்ணு வாங்கிட்டு, மெதுவா வா."

போனேன். கடைக்காரர், உங்க வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது பின்பக்கமும் போய்ச் சேர்ந்திருந்தது, ஆர்டரும் வந்திருந்தது.

நாற்காலி பிழைத்தது. "கவலைப்பட ஒரு ஆளு வேணும். மெயில் போறப்ப மட்டும் வேணாம்" என்று பாய் சட்டம் போட்டார். அன்றிலிருந்து மெயில் அனுப்பும்போதெல்லாம் என்னைக் கூட்ரோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேர்ந்த பழத்தை என்ன செய்வது? அந்த சீசன் முழுக்க மாங்கூழ் கம்பெனியில் எல்லோரும் எலுமிச்சை ஜூஸ் குடித்தோம். அந்த ஒற்றை மாம்பழ லேபிளோடுதான் டின்னெல்லாம் கப்பல் ஏறியது. குழந்தையும் இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும் என்று பாய் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் செய்த பெரிய தப்பு, ஆறுதல் கிடைக்கும் என்று இதை வீட்டில் சொன்னது. இன்றைக்கும் குக்கர் விசில் வராவிட்டாலும், போனில் எதுவோ சுற்றிக்கொண்டே நின்றாலும், "அம்மாவ எலுமிச்சம்பழம் வாங்க அனுப்புங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வருஷம் ஓசூரில் என் மகளுக்குப் பிரசவம். ரெட்டைப் பிள்ளை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் பிரசவ அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வந்து பார்த்தார், போனார், ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அத்தை, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துடறீங்களா?" என்றார்.

கோபம் வந்தாலும் போனேன். பழத்தோடு திரும்பி வந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்கக் கதவுப் பக்கம் போனேன். மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார். நானே திரும்பிப் படியிறங்கினேன்.

"மெதுவா வாங்க அத்தை" என்று மேலிருந்து குரல் வந்தது.