துளை சாரும் எங்கள் வாசல் நிலையும்

தென்காசியில் அடுத்தவர் வீட்டுக்குப் போனால் எல்லோரும் கதவைத் தட்டுவார்கள். கதவைத் துளைக்கலாமா என்று கேட்கிற ஒரே பிறவி, எங்கள் மாடியில் குடியிருந்த துளை சார்தான்.

வாசுதேவநல்லூர்க்காரர். மர ஆராய்ச்சி. பழைய கட்டடங்களின் தூண், உத்திரங்களில் துளை போட்டு, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவுவார். அதிலுள்ள வளையங்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மழை கொட்டிய வருஷத்து வளையம் அகலமாம், காய்ந்த வருஷத்தது ஒடுக்கமாம். வயது தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டு, மரம் வெட்டிய வருஷத்தையே சொல்லிவிடுவார். ஒடுக்கமான வளையங்கள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அன்றைக்கு மனுஷருக்குச் சோறு இறங்காது. "பாவம், தண்ணியில்லாம என்ன பாடு பட்டுச்சோ" என்பார். என்றைக்கோ செத்த மரத்துக்கு இந்தத் துக்கம்.

சீசனுக்குக் குற்றாலம் கூட்டிப்போனோம். ஊரே அருவிக்குத் தலையைக் கொடுத்து நிற்க, இவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய பங்களாத் தூணைத் தடவிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி பீற்றிக்கொண்ட தேக்கு உத்திரத்தைத் துளைத்து, பெயின்டுக்கு உள்ளே இருப்பது பனை என்று கண்டுபிடித்தார். "பனைக்கு வளையமே கெடையாது அண்ணாச்சி" என்று ஆறுதல் வேறு சொன்னார். அண்ணாச்சி அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் சண்டை. சித்தப்பாவுக்கு வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட ஆசை.

"வீட்டுக்கு வயசாயிட்டு. இடிச்சிர வேண்டியதுதான்."

"ராஜா காலத்து வீடுலே இது. கைய வச்சுப் பாரு" என்றார் அப்பா.

கடைசியில் சார் சொல்வதுதான் தீர்ப்பு என்று முடிவானது. ராஜா காலம் என்றால் வீடு நிற்கும், இல்லையென்றால் லாட்ஜ்.

சார் வாசல் நிலையைத் துளைத்துக் குச்சியோடு மாடியேறினார். அவர் இறங்கிவரும்வரை அப்பாவுக்குத் தூக்கமில்லை. வந்தவர் ஒரு வருஷத்தைச் சொன்னார். ராஜாவாவது காலமாவது, அது சித்தப்பா பிறந்த வருஷம். அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"பட்டை ஓரம் அப்படியே இருக்கு, வெட்டுன வருஷம் இதுதான், சந்தேகமே இல்ல" என்ற சார், சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கும் நிலைக்கும் ஒரே வயசு."

சித்தப்பா வாரம் தவறாமல் மீசைக்கு டை அடிப்பவர். அப்பாவுக்குச் சட்டென்று உயிர் வந்தது.

"இப்ப சொல்லுலே. இதுக்கு வயசாயிட்டா, ஆகலியா?"

சித்தப்பா நிலையைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"வயசுல்லாம் ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு."

லாட்ஜ் பேச்சு அதோடு போயிற்று.

சார் மாற்றலாகிப் போய்விட்டார். மாடி வெறிச்சென்று கிடக்கிறது, எனக்கும் அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. போன மாதம் நிலையிலிருந்த துளையை அடைக்க ஆசாரி வந்தார். சித்தப்பாதான் குறுக்கே நின்று தடுத்தார்.

"அடைச்சிட்டா, அந்த மனுசன் திரும்பி வந்தா எந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"