முன்னேற்றம் கண்ட கால்விரல்

கொட்டாஞ்சேனையில் ஒரு சமூகக் கிளினிக். அங்கே சீனி வியாதிக்காரரின் பராமரிப்பை மேம்படுத்தி, மேம்பட்டதா என்று அளந்தும் பார்ப்பதென மேலிடத்தில் தீர்மானமாயிற்று. அளக்க வந்தவர் மதிப்பீட்டு உத்தியோகத்தர் புஷ்பராஜ். கழுத்தில் அட்டை, கையில் டெப் கணினி, வாயில் எந்நேரமும் "உபாயமார்க்கம்".

வரிசையில் இருந்த கனகசபாபதிக்கு வேறு கவலை. புறக்கோட்டை இரும்புக் கடையில் காலம் முழுக்க நின்று உழைத்த வலது காலின் பெருவிரலில் ஒரு புண், ஆற மாட்டேனென்று நின்றது. டொக்டர் ஒருக்கால் பார்த்தால் போதும். ஆனால் டொக்டரிடம் ஏச்சு வாங்க அவருக்கு மனமில்லை. எல்லாரையும்போல முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கிளினிக்குக்கு முதல்நாள் அங்கே எல்லாருக்கும் நோன்பு. மற்ற நாளெல்லாம் பெருநாள்.

இரத்தம் பார்த்தார்கள். எல்லாருக்கும் சீனி ஒழுங்கு. புஷ்பராஜின் முகம் கறுத்துவிட்டது.

"என்ன மிஸ் இது? எல்லாருக்கும் நல்லா இருந்தா நாங்க எதை மேம்படுத்துறது?"

"பட்டினியா வந்திருக்காங்க சேர்," என்றாள் தாதி உஷாந்தி.

"அப்ப சாப்பிடக் குடுங்க!"

தொதலும் கிரீம் பணிசும் சீனி அள்ளிப் போட்ட பால்தேத்தண்ணியும் பொதுமக்கள் பணத்தில் வந்து இறங்கின. மறுபடி குத்தினார்கள். சீனி துள்ளி ஏறியது.

"அருமை! இதுதான் ஆரம்ப நிலை. அடுத்த முறை வழக்கம்போலப் பட்டினியா வாங்க."

"தம்பி, என்ர விரல்..."

"விரல் எங்கட குறிகாட்டியில இல்லை, ஐயா."

பிறகு சுவரில் ஒரு பாகற்காய்ப் படம் ஒட்டினார்கள். சீனியை இறக்க அதுதான் உபாயமார்க்கம்.

அடுத்த முறை எல்லாருக்கும் சீனி சறுக்கி விழுந்தது. பாகற்காய் வென்றுவிட்டது. கனகசபாபதியின் விரலோ கறுக்கத் தொடங்கியிருந்தது.

"இதை டொக்டரிட்டக் காட்டுங்கோவன், தம்பி."

புஷ்பராஜ் டெப்பைப் பார்த்தார், விரலைப் பார்க்கவில்லை. "உங்களுக்குச் சீனி இறங்கிட்டுது. சீனி இல்லாத ஆளுக்குச் சீனிப் புண் எப்படி வரும்?"

"வந்திருக்குதே!"

"அப்ப செருப்புக் கடி. செருப்பை மாத்துங்க."

பட்டினிக் கதையை டொக்டரிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று கனகசபாபதிக்கு நா வரை வந்தது. சொன்னால் இத்தனை வருஷக் கள்ளமும் வெளிப்படும், டொக்டர் கிழித்துவிடுவார். விழுங்கிக்கொண்டார். அன்று காலையில் அவர் விழுங்கியது அது ஒன்றுதான். சீனிக்குப் போடும் குளிசையையும் பாதியாக்கி அனுப்பினார்கள்.

விரலைப் பெரியாஸ்பத்திரியில் எடுத்தார்கள்.

வெள்ளவத்தை மண்டபமொன்றில் விருது விழா. முன்மாதிரி நோயாளி கனகசபாபதி ஊன்றுகோலோடு மேடை ஏறினார். புஷ்பராஜ் மைக்கைப் பிடித்தார்.

"ஐயாவின் சீனி குறைந்தது. குளிசை குறைந்தது. இன்று நிறுத்துப் பார்த்தோம், உடல் எடையும் குறைந்திருக்கிறது!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். படம் பிடித்தவரிடம், "இடுப்புக்கு மேல எடுங்க," என்றார் புஷ்பராஜ்.

பிறகு கேக் வெட்டினார்கள். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் நாள் கிடந்ததால், மண்டபத்திலிருந்த சீனிக்காரர் ஒருவர்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. கனகசபாபதி ஐசிங் கூடின துண்டாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார்.