அட்டை திரும்பி வரும் நேரம்

“தப்பா நினைக்காதீங்க சார். இங்க காலைல வர்றவங்க வீட்டுக்குப் போக மத்தியானம் ஆயிடுது. திருப்போரூர்ல அதே பிரஷர் மாத்திரைய வாங்கிட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிடறாங்க.”

மேக்னா இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாவலூர் கம்பெனியிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அளப்பதுதான் வேலை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஜெபக்குமாருக்கு, பிள்ளையின் மார்க்கைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னதுபோல இருந்தது.

ஒரே டிரஸ்டுக்கு இரண்டு சின்ன ஆஸ்பத்திரிகள். திருப்போரூரில் இருந்ததற்குப் புது கம்ப்யூட்டர் சிஸ்டம். மாமல்லபுரம் பக்கம் கடற்கரைச் சாலையில் இருந்த இதற்குப் பழையது. இந்த வாரம் இரண்டு சிஸ்டத்தையும் அளந்து பார்த்துத் தேறியதை மட்டும் வைத்துக்கொள்வது என்று டிரஸ்டில் முடிவு செய்திருந்தார்கள். பழையது தோற்றால் கவுண்டர் இருக்கிற இடத்தில் தொடுதிரை மெஷின் வந்துவிடும். ஜெபக்குமார் மதுராந்தகத்து மருந்து குடோனுக்குப் போகவேண்டியதுதான்.

குடோன் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவர் மனைவி ஜெசிந்தாவைப் போன வருஷம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருந்தது. சாயங்காலம் கவுண்டரை மூடியதும் அங்கே போய் நிற்பார். அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யாருக்கு இருமல் குறைந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். மதுராந்தகத்திலிருந்து அது நடக்காது.

“எப்படி மேடம் அளக்கறீங்க?” என்றார்.

“உங்க சிஸ்டத்துல ரெண்டு நேரம்தான் சார் பதிவாகுது. நீங்க டோக்கன் அட்டை குடுக்கற நேரம். அவங்க போகும்போது வாட்ச்மேன் அட்டைய வாங்கி மெஷின்ல தேய்க்கற நேரம். நடுவுல என்ன நடந்தாலும் அது சிஸ்டத்தோட தாமதம்தான்.”

நடுவில் என்ன நடக்கிறது என்பது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் ஜெபக்குமார் நினைத்தார். டாக்டர் எழுதும் சீட்டு, கம்ப்யூட்டர் வழியாக உள்ளே மருந்துக் கவுண்டருக்குப் போகவேண்டும். வழியில் எங்கேயோ சிக்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் பெரியவர்கள் எதற்காக ஹாலில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருக்கப்போகிறார்கள்? மத்தியானம் அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ஹால் காலியாகிவிடும். சாப்பாட்டு வேளையில் லைன் ஃப்ரீ ஆகிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

“ஹெலன், மாத்திரை குடுத்துகினுதானே கீற?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஆவுதுண்ணா, ஆவுது,” என்றாள் மருந்துக் கவுண்டர் ஹெலன்.

முன் பெஞ்சில் இருந்த செங்கல்வராயன் நிமிர்ந்து பார்த்தார். பிரஷருக்கும் முட்டிவலிக்குமாக வாரத்தில் பாதி நாள் அங்கேயே இருக்கிறவர்.

“இன்னும் சாப்புடலியா நைனா?”

இந்தக் கேள்விதான் ஜெபக்குமாரைக் கொன்றது. அந்த ஹாலில் யாரும் ‘என்னை ஏன் இப்படிக் காக்க வைக்கிறாய்’ என்று கேட்டதில்லை. ‘சாப்பிட்டாயா’ என்றுதான் கேட்டார்கள். தங்கள் பசியை இதைவிடப் பதமாக ஒரு மனிதனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? வெட்கமாக இருந்தது. இந்த வாரம் முழுக்க, கடைசி ஆள் வாசல் தாண்டாமல் டப்பாவைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே கர்த்தரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் கவுண்டரை விடியும்போதே திறந்தார். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் போவார்கள் அல்லவா? சீக்கிரம் வந்தார்கள். போகத்தான் இல்லை. மணி இரண்டைத் தாண்டியும் ஹால் அப்படியே இருந்தது. ஜெபக்குமாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம் ஒருநாள் கவுண்டரிலேயே மயங்கி விழுந்து, வெயில்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவர் அவர். இன்னொரு தரம் விழுந்து வைக்கக்கூடாதே என்று, கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாலு வாய் எலுமிச்சம் சாதம் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சுகள் காலி.

“பாத்தீங்களா மேடம்?” என்றார் மேக்னாவிடம். “நான் ஸீட்ல இருந்தா ஓடமாட்டேங்குது. எனக்கும் இந்த மெஷினுக்கும் ராசி இல்ல.”

மேக்னா கணக்கைப் பார்த்தாள். “நேத்தைவிட மோசம் சார்,” என்றாள் மெதுவாக.

புதன்கிழமை ஹாலில் ஃபேனையும் டிவியையும் நிறுத்தினார். மனசு கேட்கவில்லை. ஆனால் புழுக்கம் தாங்காமலாவது கிளம்புவார்கள் என்று எண்ணினார். பெரியவர்கள் டோக்கன் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வாட்ச்மேன் தாமோதரன் வளைந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தான்.

“இன்னாண்ணா இது? ஒண்ணுகூட மெஷின்ல ஏறல. ஒவ்வொரு நம்பரா கையால தட்டிகினு கீறேன். எனக்கு ஏ பி சி டியே தேடணும்.”

அன்றைய கணக்கில் தாமோதரன் எழுத்துத் தேடிய நேரமும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை, ஷேர் ஆட்டோ ஓட்டும் பூபாலனைப் பிடித்தார். “வாசல்லயே வண்டிய வெச்சுகினு நில்லு. மாத்திரை வாங்கினவங்கள ஏத்திகினு போய் வூட்டாண்ட விட்டுடு. டப்பு நான் தரேன்.”

பூபாலன் நல்லவன். வாசலில் நிற்பதற்கு வரும்போது வண்டி காலியாக வருவானேன் என்று, சாலையில் நின்ற நாலைந்து கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அவர்களும் டோக்கன் வாங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பூபாலனே கையில் ஓர் அட்டையோடு பெஞ்சில் இருந்தான்.

“நீ இன்னாத்துக்குடா உக்காந்துகினு கீற?”

“தல சுத்துதுண்ணா, பிரஷர் பாத்துகினேன். கெளம்பலாம்னு எழுந்தேன். பெருசுங்க வுடல. அதெல்லாம் அப்டி உடனே போவக்கூடாது, குந்துன்னுட்டாங்க.”

ஜெபக்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். சிஸ்டத்தின் தாமதம் இப்போது ஜனங்களுக்கே பழகிப்போய், புதிதாக வருகிறவனுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்களே.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்தார். மேக்னா வெளியிலிருந்து டீ வாங்கிவந்து கவுண்டரில் வைத்தாள். அது ஆறி, ஆடை படிந்தது.

“குடிங்க சார்.”

“பெரியவங்கள்லாம் பசியோட உக்காந்துகினு கீறாங்க மேடம். எனக்கு இறங்காது.”

மணி மூன்று அடித்தது. யாரும் அசையவில்லை. ஒரு கிழவி இன்னொரு கிழவியின் தோளில் சாய்ந்து தூங்கினாள். செங்கல்வராயன் மட்டும் கண்ணாடித் தடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தார். மூடியபடி கிடந்த டப்பாவை ஜெபக்குமார் பைக்குள் தள்ளினார். அந்தச் சத்தத்தில் ஹாலே பெருமூச்சு விட்டமாதிரி அவருக்குத் தோன்றியது.

மேக்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அவளும் களைத்திருந்தாள்.

“சார், ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு உள்ளே போய் நானே சோதிச்சுப் பாத்தேன். டாக்டர் பட்டன் தட்டறதுக்குள்ள சீட்டு மருந்துக் கவுண்டருக்கு வந்துடுது. திருப்போரூரைவிட இதுதான் வேகம்.”

“அப்போ இவங்க இன்னாத்துக்கு மேடம் உக்காந்துகினு கீறாங்க?”

“அதான் எனக்கும் புரியல. சிஸ்டத்தைச் சேராத காரணம் ஒண்ணு இருந்துதுன்னா, அதை எழுதி இந்த நேரத்தையெல்லாம் கழிச்சுடுவேன். நீங்கதான் ஜெயிப்பீங்க, உங்க கவுண்டரும் இருக்கும். காரணமே இல்லாம நான் எழுத முடியாது சார்.”

“தெரிஞ்சா சொல்லமாட்டேனா?” என்றார் ஜெபக்குமார். ஜெசிந்தாவிடம் சாயங்காலம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

மேக்னா எழுந்து ஹாலுக்குப் போனாள். கவுண்டரை ஒட்டியிருந்த முன் பெஞ்சில், செங்கல்வராயன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தாத்தா, இன்னும் மாத்திரை வரலியா உங்களுக்கு?”

கிழவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மாத்திரை அட்டைகள் சலசலத்தன. கண்ணாடித் தடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜெபக்குமாருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, காது மந்தமானவர்கள் ரகசியம் பேசும் அந்த உரத்த குரலில் சொன்னார்:

“மாத்திரை எல்லாருக்கும் காலையிலயே குடுத்துட்டாங்க கண்ணு, சம்சாரம் போனதுலேர்ந்து நாங்க காவலுக்குக் குந்தலன்னா அவுரு டப்பாவ மூடினபடி வூட்டுக்கு எடுத்துகினு பூடுறாரு, இந்த வாரம் இன்னான்னே தெரில, நாங்க எவ்ளோ நேரம் குந்தினாலும் சாப்புடவே மாட்டேங்கறாரு.”