பாஸ்டர் ஐயா ஜெபத்துல குறுக்கப் பேசின லேப்டாப்

டென்த்ல கோட்டை விட்டவன் கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாது. நான் வெச்சேன். (ஹைதராபாத்ல, கச்சிபௌலிக்கு கம்பெனி கேப் ஓட்டுறேன். தினமும் ஐடி ஆளுங்கள ஏத்தி இறக்குறதால எனக்கும் பாதி ஐடி வந்துருச்சுன்னு நெனப்பு.)

அப்பா தவறிப்போய் ஒரு மாசம்கூட ஆகல. வீட்ல நினைவு ஜெபம். பாட்டு வரிய டிவில காட்டணும்னு அப்பாவோட லேப்டாப்ப ஆன் பண்ணேன். உடனே அது பேச ஆரம்பிச்சிருச்சு. ஸ்க்ரீன்ல எது வந்தாலும் சத்தமா வாசிக்கிற ப்ரோக்ராம். கம்ப்யூட்டர் கூடவே வர்றது, யாரும் தொடமாட்டாங்க. சுகர்ல கண்ணு மங்கினப்புறம் அப்பாவுக்கு நியூஸெல்லாம் அதுதான் படிச்சுக் காட்டும்.

"இத தூக்கிருடா. இனிமே யாரு யூஸ் பண்ணப் போறா?"ன்னார் அத்தான். அக்கா வீட்டுக்காரர், நெஜமான ஐடி.

"இருந்துட்டுப் போகட்டுமே அத்தான்."

"கைக்குடா, எதுக்கு? சும்மா சிஸ்டம்தான் ஸ்லோ ஆகுது."

கிச்சன்லேர்ந்து அம்மா கத்தினாங்க: "நக்கோ, வேணாம்! அவரு போனதுலேர்ந்து வீடே ஊமையாக் கெடக்கு. அதையும் எடுக்கப் போறீங்களா?"

நான் பெரிய ஜட்ஜ் மாதிரி தீர்ப்பு சொன்னேன்: எடுக்க வேணாம், வால்யூம மட்டும் சுத்தமாக் கொறச்சு வெப்போம்.

சாயங்காலம் வீடு நெறஞ்சு போச்சு. "தம்பி, ட்யூன் கேக்கல"ன்னாங்க. வால்யூம ஃபுல்லா வெச்சேன். பாட்டு முடிஞ்சுது. கொறைக்க மறந்துட்டேன்.

பாஸ்டர் ஐயா ஜெபம் ஆரம்பிச்சார். எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. அவர் இந்தியாவத் தாண்டி ஆப்பிரிக்காவுக்காக ஜெபிக்கும்போது, கிச்சன்ல இருந்த அக்கா எனக்கு ஒரு மெசேஜ் போட்டா. மதியம் பாட்டெல்லாம் இறக்குறதுக்காக என் போன் மெசேஜ அதே லேப்டாப்லதான் திறந்து வெச்சிருந்தேன்.

வெள்ளைக்காரன் தமிழ் படிக்கிற மாதிரி ஒரு குரல், ஃபுல் சவுண்டுல:

"பாஸ்டர்... எப்போ... முடிப்பார்... பிரியாணி... ஆறுது."

அப்பா தனக்குப் புரியணும்னு வேகத்த ரொம்பக் கம்மியா வெச்சிருந்தார். அதனால ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா, நிறுத்தி நிதானமா வந்துச்சு. பதறிப்போய் எதையோ அமுக்கினேன். அது மேல ஏறி, அதுக்கு முன்னாடி, ஐயா இந்தியாவுக்காக ஜெபிக்கும்போதே நான் போன்லேர்ந்து போட்ட மெசேஜையும் வாசிச்சுது:

"நீ... ஒரு... தடவை... இருமு... அக்கா... அவருக்குப்... புரியும்."

மூடின கண்ணெல்லாம் திறந்துருச்சு. அத்தான் மட்டும் மூடின கண்ண இன்னும் இறுக்கி மூடிட்டார். கிச்சன்ல ஏதோ பாத்திரம் விழுந்துச்சு.

அப்போ ஹால் மூலையிலேர்ந்து ஒரு சத்தம். அம்மா. முந்தானைய வாயில வெச்சு அழுறாங்கன்னு ஓடிப் போய்ப் பார்த்தா, சிரிக்கிறாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து அப்பாவத் தூக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அன்னைக்குத்தான் சிரிச்சாங்க.

பாஸ்டர் ஐயா அம்மாவப் பார்த்தார். தொண்டையக் கனைச்சார். "ஆப்பிரிக்காவையும் ஆசீர்வதியும், ஆமென்"னு சொல்லிட்டு, "எங்கம்மா பிரியாணி?"ன்னார்.

இப்பவும் எங்க வீட்ல யாராவது நீளமாப் பேசினா, அக்கா மெதுவா, "பிரியாணி... ஆறுது"ம்பா. அத்தான்கூட அந்த ப்ரோக்ராம எடுக்கச் சொல்றதில்ல. போன வாரம் நான் வேகத்தக் கூட்டலாமான்னு கேட்டேன்.

"அவரு வெச்சது வெச்சபடி இருக்கட்டும்டா"ன்னாங்க அம்மா. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."